விடுமுறை இல்லாத ஊரில் ஒரு வி.பி.எஸ்.

உகாண்டா போய் வந்ததைப் பற்றி எழுதச் சொல்லி நச்சரிப்பவர்கள் இரண்டு கட்சி. முதல் கட்சி எங்கள் சபைக்காரர்கள். அவர்களுக்கு வேண்டியது சாட்சி. எத்தனை பிள்ளைகள் கை தூக்கினார்கள், எந்தப் பாட்டுக்கு யார் அழுதார்கள், ஆண்டவர் உன்னிடம் என்ன பேசினார். இரண்டாவது கட்சி ஆபீஸ் நண்பர்களும் கல்லூரித் தோழிகளும். "ஏழை நாட்டுக்குப் போய் சின்னப் பிள்ளைங்களை மதம் மாத்திட்டு வந்தியாக்கும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். சிரிப்பு பாதி, கேள்வி பாதி. இரண்டு கட்சிக்கும் சேர்த்து ஒரே பதிவாக எழுதிவிடுகிறேன். யாருக்கும் திருப்தி இருக்காது என்பது தெரிந்ததே.

இரண்டாவது கட்சிக்கு முதலில் பதில். மாற்றுவதற்கு அங்கே அதிகம் ஆள் இல்லை, அம்மா. உகாண்டாவில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். சி.எம்.எஸ். என்ற ஆங்கிலேய மிஷனரி சங்கத்தார் முத்தேசா அரசனின் சபைக்குப் போய்ச் சேர்ந்தது 1877-இல். கத்தோலிக்கக் குருமார்கள் அடுத்த இரண்டே வருடத்தில் வந்துவிட்டார்கள். 1885-இல் ஹானிங்டன் என்ற ஆங்கிலேய பிஷப் கிழக்கு வழியாக வந்தபோது, கிழக்கிலிருந்து வருபவனால் நாடு பறிபோகும் என்ற நம்பிக்கை அங்கே இருந்ததால், முவாங்கா அரசன் அவரைக் கொல்லச் சொன்னான். மறு வருடம் ஜூன் 3-இல் நமுகோங்கோவில் அரண்மனைப் பணியாளர்களான இளைஞர்களை உயிரோடு எரித்தார்கள். இன்றைக்கும் ஜூன் 3 அங்கே அரசு விடுமுறை. லட்சக்கணக்கில் ஜனம் கூடுகிறது, பல நாள் நடந்தே வருகிறவர்கள் உண்டு. ஹானிங்டன் கொல்லப்பட்ட இடம் புசோகா நாடு. அந்த புசோகாவில்தான், ஜிஞ்சா நகரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில், நற்செய்தி சொல்ல நாங்கள் ஹூஸ்டனிலிருந்து டீஷர்ட் அச்சடித்துக்கொண்டு போயிருந்தோம்.

அமெரிக்க சபைகளில் இது பெரிய ஏற்பாடு. குறுகிய கால மிஷன் என்று பெயர். வருடத்துக்குப் பதினைந்து லட்சம் பேருக்கு மேல் இப்படிப் போகிறார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டதுண்டு. பெரும்பாலும் கோடையில், பெரும்பாலும் பிள்ளைகள் நடுவே வேலை. எங்கள் சபையிலும் வருடா வருடம் ஒரு குழு கிளம்பும். நான் திருநெல்வேலிப் பக்கத்தவள். மிஷனரி கதைகளோடு வளர்ந்த வீடு. போக வேண்டும் என்ற ஆசை சின்ன வயதிலிருந்தே இருந்தது. போனேன்.

எந்தெபேயில் இறங்கி, கம்பாலா நெரிசலில் பாதி நாளைத் தொலைத்துவிட்டு, ஜிஞ்சா சாலையைப் பிடித்தோம். லுகாசியில் கரும்புக் காடு. அதைத் தாண்டினால் மபிரா வனம், பட்டப்பகலில் சாயங்காலம் மாதிரி. காட்டோரத்தில் நஜ்ஜெம்பே என்ற இடத்தில் வண்டியை நிறுத்தினால் நீலக் கோட்டு போட்ட வியாபாரிகள் ஓடி வந்து, குச்சியில் குத்திய கோழியையும் சுட்ட வாழைப்பழத்தையும் ஜன்னலுக்குள் நீட்டுவார்கள். எங்கள் குழுத் தலைவர் வெளிச்சாப்பாடு கூடாது என்று ஹூஸ்டனிலேயே எச்சரித்திருந்தார். நான் வாங்கிச் சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, ரொம்ப நன்றாக இருந்தது. பிறகு நைல் நதிப் பாலம், ஜிஞ்சா, செம்மண் சாலை, கிராமம்.

மறுநாள் காலையில் அந்த ஊர்த் தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போனபோதுதான் விஷயம் விளங்க ஆரம்பித்தது. வராந்தாவில் எங்களுக்கு நாற்காலி போட்டு, விருந்தினர் புத்தகத்தில் கையெழுத்து வாங்கி, வரவேற்புரை எல்லாம் சொன்ன பிறகு, அந்த மனிதர் கொஞ்சம் தயங்கினார். "பி7, அதாவது ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் விட முடியாது. நவம்பரில் பரீட்சை. மற்ற வகுப்புகளை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று சொல்லுங்கள்." எங்களில் பாதிப் பேருக்கு அவர் எதைக் கேட்கிறார் என்றே புரியவில்லை.

உகாண்டாவில் இரண்டாம் பருவம் மே கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் வரை ஓடுகிறது. ஜூலை என்றால் பள்ளிக்கூடம் உச்சத்தில் இருக்கும் நேரம். நீண்ட விடுமுறை டிசம்பர், ஜனவரியில். நாங்கள் வந்திருப்பதோ வி.பி.எஸ்., அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்த. விடுமுறை எங்களுக்கு, பள்ளி அவர்களுக்கு. தேதி குறித்தபோது பார்த்ததெல்லாம் டெக்சாஸ் பள்ளிகள் என்றைக்கு மூடுகின்றன, யாருக்கு எத்தனை நாள் லீவு மிச்சம் இருக்கிறது, விமான டிக்கெட் எப்போது மலிவு என்பதைத்தான். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் நடக்கும் நேரத்தில், அந்த வகுப்பை நிறுத்தி, மைதானத்தில் உட்காரவைத்து, பஞ்சு ஆட்டுக்குட்டி ஒட்டச் சொல்லிக் கொடுக்கப் போகிறோம். 1997-இல் ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை அரசு ரத்து செய்த பிறகும் சீருடைக்கும் நோட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் என்று ஏதேதோ பணம் கட்டித்தான் பெற்றோர் அந்தப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள்.

வி.பி.எஸ். பிறந்த கதையே பள்ளி விடுமுறையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. 1898-இல் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பில், பள்ளி மூடிய கோடை நாட்களில் பிள்ளைகள் தெருவில் அலைவதைப் பார்த்த ஹாஸ் என்ற அம்மையார், வேறு இடம் கிடைக்காமல் ஒரு பீர் ஹாலை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்தினார் என்பார்கள். அங்கிருந்து உலகமெல்லாம் பரவியது. எங்கள் ஊருக்கும் வந்தது. எங்கள் ஊரில் அது மே மாதம் நடக்கும். அத்தைதான் பல வருடமாக நடத்துகிறாள். ஆலய வாசலில் பந்தல் போட்டு, சார்ட் பேப்பரில் மனப்பாட வசனம் எழுதி, பத்து மணிக்கு ரஸ்னா கலக்கி, சபை வாலிபர்களை அண்ணன் அக்கா என்று கூப்பிடவைத்து, கடைசி நாள் பரிசளிப்புக்கு எவர்சில்வர் டிபன் டப்பா வாங்கி. யாரும் எங்கிருந்தும் பறந்து வருவதில்லை. பிள்ளைகளுக்கு எப்போது பள்ளி இல்லையோ அப்போது நடக்கும். அவ்வளவு எளிய விஷயம்.

தலைமை ஆசிரியரோடு பேசி, பள்ளி விட்ட பிறகு மாலையில் வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் தரப்பில் இரண்டு பேர் சொன்னோம். ஆனால் மாலையில் பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது. மஞ்சள் நிற இருபது லிட்டர் ஜெர்ரிகேனைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கிணற்றுக்குப் போக வேண்டும், ஆட்டை அவிழ்த்துக் கட்ட வேண்டும், தம்பி தங்கையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். கடைசியில் ஒரு சமரசம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம், அதுவும் சின்ன வகுப்புகளுக்கு மட்டும். எங்கள் அட்டவணையில் பாதி காற்றில் போனது. போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

அந்தப் பள்ளியில் முஸ்லிம் பிள்ளைகளும் இருந்தார்கள். புசோகாவில் முஸ்லிம்கள் நிறைய. அவர்களும் உட்காரட்டும் என்று எங்கள் குழுவில் ஒருவர் உற்சாகமாகச் சொன்னார். தலைமை ஆசிரியர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. பெற்றோர் சம்மதித்த பிள்ளைகள் இருக்கலாம், மற்றவர்களுக்கு இன்னொரு ஆசிரியர் விளையாட்டு வைப்பார் என்று முடித்துவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் என் கல்லூரித் தோழிகளின் கேள்வியோடு நான் முழுக்க உடன்படுகிறேன். பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைக்கு மதம் போதிப்பது யார் செய்தாலும் சரியில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளிடம் யாராவது அப்படிச் செய்தால் சும்மா விடுவார்களா?

என் நிலைமை குழுவில் தனி. மற்றவர்களைப் பார்த்தால் பிள்ளைகள் "முசுங்கு, முசுங்கு" (வெள்ளைக்காரர்) என்று கத்திக்கொண்டு ஓடிவருவார்கள். என்னைப் பார்த்தால் ஒரு நிமிடம் நின்று யோசித்து, "முயிண்டி" (இந்தியர்) என்பார்கள். இந்தியர்களை அங்கே எல்லோருக்கும் தெரியும். ஜிஞ்சா என்றாலே காக்கிரா சர்க்கரை ஆலையும் மத்வானி குடும்பமும். கடைவீதிக் கட்டடங்களின் நெற்றியில் இன்னமும் குஜராத்திப் பெயர்களும் பழைய வருடங்களும் இருக்கின்றன. நைல் நதி ஏரியிலிருந்து புறப்படும் இடத்தில் காந்தி சிலை; 1948-இல் அவருடைய அஸ்தியில் ஒரு பங்கை அங்கேயும் கரைத்தார்கள். 1972-இல் இடி அமீன் தொண்ணூறு நாள் கெடு வைத்து எல்லோரையும் துரத்தினான். முசேவேனி ஆட்சிக்கு வந்த பிறகு சிலர் திரும்பினார்கள். ஆகவே என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, காக்கிராவிலிருந்து வருகிறாயா, எந்தக் கடை உங்களுடையது. இரண்டாவது கேள்வி, ஜீ வேர்ல்ட் சீரியலில் அந்த மருமகளுக்கு என்ன ஆகும். எனக்கு இந்தி சீரியல் தெரியாது என்றால் நம்பவே மாட்டார்கள். மூன்றாவதாக, நான் கிறிஸ்தவள் என்று சொன்னதும் வரும் ஆச்சரியம். இந்தியர் என்றால் இந்து, முஸ்லிம், சீக்கியர். கிறிஸ்தவ இந்தியரை அந்த ஊர் கண்டதில்லை.

இந்த ஆச்சரியம்தான் அந்தச் சபையின் உபதேசியாரோடு என்னைப் பேசவைத்தது. உபதேசியார் என்று நான்தான் சொல்கிறேன். அங்கே ஒரு குருவானவருக்குக் கீழே பல கிராமச் சபைகள். ஒவ்வொரு சபையையும் அன்றாடம் நடத்துவது குருப்பட்டம் பெறாத ஒரு சபை ஊழியர். சைக்கிளில் போவார், நோயாளிகளைப் பார்ப்பார், அடக்க ஆராதனை செய்வார், சம்பளம் என்று பெரிதாக எதுவும் இருக்காது. சேகரம், சபை, உபதேசியார் என்று எங்கள் திருநெல்வேலியில் நடப்பதை அப்படியே கொண்டு வைத்த மாதிரி. காரணம் இல்லாமல் இல்லை. 1820-இல் ரேனியஸைத் திருநெல்வேலிக்கு அனுப்பிய அதே சி.எம்.எஸ். சங்கம்தான் உகாண்டாவுக்கும் ஆள் அனுப்பியது. பாளையங்கோட்டையில் குளோரிந்தா கட்டிய ஆலயம் 1785-ஐச் சேர்ந்தது என்று சொன்னபோது உபதேசியார் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்படியானால் நீங்கள் எங்களுக்கு மூத்தவர்கள். இவர்களோடு ஏன் வந்தீர்கள்?" என்றார். கிண்டல் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் பெட்டிகளில் மணி நிறைய இருந்தது. ஐந்து நிற மணிகளைக் கயிற்றில் கோத்துக் கையில் கட்டிவிடுவது, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு விளக்கம் சொல்வது. இதற்கு மூலம் எழுத்தில்லாப் புத்தகம். 1866-இல் ஸ்பர்ஜன் என்ற ஆங்கிலேயப் பிரசங்கியார் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று பக்கங்களை வைத்துப் பிரசங்கம் செய்தார். 1875-இல் மூடி என்ற அமெரிக்கப் பிரசங்கியார் பொன் நிறத்தைச் சேர்த்தார். பச்சை பின்னால் வந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும் என்பதால் மிஷனரிகள் உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். எங்கள் டோனாவூர் எமி கார்மைக்கேல் அம்மையாரே இந்தியாவுக்கு வந்த புதிதில் இந்த நிறங்களில் ஒரு சாட்டின் கொடி தைத்து வைத்திருந்தார். நானும் சின்ன வயதில் இந்தப் பாடம் படித்தவள்தான். வெள்ளை என்றால் சுத்தமான இருதயம், கறுப்பு என்றால் பாவம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மத்தியில் உட்கார்ந்து கேட்டபோது அது காதில் இடறவில்லை. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கறுப்பு மணியை உயர்த்திப் பிடித்து, சுற்றிலும் கறுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவளுக்கு ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. பத்தொன்பது வயது. நோட்டில் எழுதி வைத்திருந்ததைப் படித்தாள்.

மொழிபெயர்க்க நின்றவர் அந்த ஊர் ஞாயிறு பள்ளி ஆசிரியை. பயறும் தக்காளியும் விற்கிற, இரண்டு குழந்தைகளுக்குத் தாய். அவர் கறுப்பு மணியைத் தன் கையில் வாங்கி, லுசோகா மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள், ஒரு பையன் நடித்தே காட்டினான். பிறகு கேட்டபோது சொன்னார்: விளக்கில்லாத ராத்திரியில் கக்கூஸுக்குப் போகிற கதையாக மாற்றிவிட்டாராம். மின்சாரம் இல்லாத ஊரில் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பயம். பாவம் என்றால் வழி தெரியாமை. நிறத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணையும் சங்கடப்படுத்தவில்லை. அவள் இன்றுவரை தன் பாடம்தான் மொழிபெயர்க்கப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அந்த ஆசிரியைக்குப் பயிற்சி என்று யாரும் எதுவும் கொடுத்ததில்லை. படப் புத்தகம் ஒன்று, அதுவும் அட்டை போனது, அவ்வளவுதான் அவரிடம் இருந்த உபகரணம். நாங்கள் போனாலும் போகாவிட்டாலும் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவர் அவர்.

கால் கழுவிய நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். புசோகாவில் ஜிகர் என்ற மணல் தெள்ளுப்பூச்சி பெரிய உபத்திரவம். பெண் பூச்சி கால்விரல் நகத்துக்கு அடியிலோ குதிகாலிலோ தோலுக்குள் புகுந்து உட்கார்ந்துவிடும். முட்டையால் வயிறு ஊதி பட்டாணி அளவுக்கு வரும். அரிப்பு, சீழ், நடக்க முடியாத வலி. நிறைய ஏறிவிட்டால் பிள்ளை பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடும், கூடப் படிப்பவர்களின் கேலி வேறு. இந்தப் பூச்சிக்கு ஆப்பிரிக்கா சொந்த ஊர் அல்ல. தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1872-இல் பிரேசிலிலிருந்து ஒரு கப்பலோடு அங்கோலாக் கரையில் இறங்கி, வியாபாரிகள், சிப்பாய்கள், சுமைகூலிகள் போன வழியெல்லாம் போய், சில பத்தாண்டுகளில் கண்டத்தைக் குறுக்கே கடந்து கிழக்குக் கரைக்கு வந்துவிட்டது.

எங்கள் குழுவில் இதற்கென்று ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவினார் அல்லவா, அதை ஒட்டி. பேசின், சோப்பு, துண்டு, புதுச் செருப்பு, பக்கத்தில் போட்டோ எடுக்க ஒருவர். கிராமச் சுகாதாரக் குழுவைச் சேர்ந்த ஒரு அம்மாவும் வந்திருந்தார். அரசுத் திட்டம்தான், ஆனால் சம்பளம் இல்லாத தொண்டு வேலை. அவர் முதலில் எங்கள் ஊசிகளை வாங்கிப் பார்த்து, ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பாடம் எடுத்தார். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த ஊதா நிறத் தண்ணீரில் கால்களை ஊறவைத்தார். தானே உட்கார்ந்து ஒரு பையனின் குதிகாலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். அவன் அலறினான். அவர் திட்டிக்கொண்டும் தாலாட்டிக்கொண்டும் எடுத்து முடித்தார். போட்டோ எடுக்க வந்தவர் பாதியில் எழுந்து போய்விட்டார்.

வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டே அந்த அம்மா சொன்னார். இன்றைக்கு எடுத்தாச்சு, இன்னும் சில வாரத்தில் திரும்ப ஏறும். ஏன் என்றால் பிள்ளை படுப்பது மண் தரையில். அந்த மண்ணில்தான் பூச்சி வளர்கிறது. வீட்டுக்குள்ளேயே ஆடும் பன்றியும் நாயும். செருப்பு கொடுத்தீர்கள், சந்தோஷம். ராத்திரி செருப்போடு படுப்பானா? தரையைச் சாணமும் களிமண்ணும் வைத்து மெழுகி இறுக்க வேண்டும், முடிந்தால் சிமெண்ட் போட வேண்டும், தினம் கூட்டித் தண்ணீர் தெளிக்க வேண்டும். தண்ணீர் எடுக்க எவ்வளவு தூரம் என்று நீங்களே பார்த்தீர்கள். இதில் எதையும் அவர் குறையாகச் சொல்லவில்லை, விலைப்பட்டியல் வாசிப்பதுபோலச் சொன்னார். ஒரு அறைத் தரைக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் என்ற கணக்குகூட வைத்திருந்தார்.

எங்கள் பணம் எவ்வளவு என்று அன்றைக்கு ராத்திரி கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். விமான டிக்கெட், விசாவுக்கு 50 டாலர், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, மலேரியா மாத்திரை, தங்குமிடம், வண்டி வாடகை, கடைசி இரண்டு நாள் நைல் நதியில் படகுச் சவாரி. ஒரு ஆளுக்கு 3,000 டாலருக்குக் குறையாது. உகாண்டாவில் அரசு ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கு மாதச் சம்பளம் சுமார் 5 லட்சம் ஷில்லிங். டாலருக்கு 3,700 என்று வைத்தால் 135 டாலர். என் ஒருத்தியின் செலவு ஒரு ஆசிரியரின் கிட்டத்தட்ட இரண்டு வருடச் சம்பளம்.

இந்தக் கணக்கு எனக்கு மட்டும் தோன்றியதல்ல. 1998-இல் மிட்ச் புயலில் ஹோண்டுராஸ் அழிந்தபோது அமெரிக்க சபைக் குழுக்கள் போய் வீடு கட்டிக் கொடுத்தன. கர்ட் வெர் பீக் என்ற சமூகவியல் பேராசிரியர் பிறகு அதை ஆராய்ந்தார். உள்ளூர் அமைப்பு ஒரு வீட்டை ஏறத்தாழ 2,000 டாலரில் கட்டியது. வெளிநாட்டுக் குழு கட்டிய வீட்டுக்குப் பயணச் செலவையும் சேர்த்தால் 30,000. வீடு கிடைத்தவர்களின் வாழ்க்கையில் யார் கட்டினார்கள் என்பதால் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. போனவர்களின் வாழ்க்கையிலும், அவர்கள் சொல்லிக்கொண்ட அளவுக்கு, மாற்றம் நிலைக்கவில்லை. இந்த இரண்டாவது முடிவைத்தான் சபைகளில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அவர்களுக்கு உதவியதைவிட நான்தான் அதிகம் பெற்றுக்கொண்டேன்" என்று எல்லோரும் சாட்சி சொல்கிறார்கள். சரி. அப்படியானால் அதை நமக்கான செலவு என்று கணக்கில் எழுதலாமே. ஏன் ஊழியம் என்ற தலைப்பில் காணிக்கை வாங்க வேண்டும்?

பணம் வீணாவது ஒரு பக்கம். நல்ல மனசு மட்டும் போதும் என்ற நம்பிக்கை இதைவிட ஆபத்தானது. ஜிஞ்சாவிலேயே நடந்தது இது. மருத்துவப் படிப்பு இல்லாத ஓர் அமெரிக்க இளம்பெண், ஊட்டச்சத்து இல்லாத குழந்தைகளுக்காக ஒரு மையம் நடத்தினார். 2010-க்கும் 2015-க்கும் இடையே அங்கே சேர்க்கப்பட்ட தொள்ளாயிரத்துச் சொச்சம் குழந்தைகளில் 105 பேர் இறந்தார்கள். 2019-இல் இரண்டு தாய்மார்கள் உகாண்டா நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த அமைப்பு குற்றச்சாட்டை மறுத்தது; மறு வருடம், பொறுப்பை ஏற்காமலே, சமரசத்தில் முடிந்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் மருத்துவம் படிக்காத ஒருவர் டெக்சாஸில் இப்படி ஒரு மையத்தைத் திறக்க முடியுமா என்ற கேள்வி போதும் எனக்கு.

அனாதை இல்லங்களும் அப்படித்தான். அங்கே இருக்கும் பிள்ளைகளில் மிகப் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை தாங்காமல், படிப்பும் சாப்பாடும் கிடைக்கட்டும் என்று விட்டுப் போனவர்கள். விருந்தினர் வந்தால் பணம் வருகிறது, பிள்ளைகள் இருந்தால்தான் விருந்தினர் வருவார்கள். வெளிநாட்டவர் சட்டென்று பிள்ளையைத் தூக்கிப் போவதைத் தடுக்க உகாண்டா 2016-இல் சட்டத்தையே திருத்தியது. தத்தெடுக்க நினைப்பவர் குறைந்தது ஒரு வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும். எங்கள் பயணத்திலும் ஒரு இல்லத்துக்கு ஒரு பகல் போவதாக இருந்தது. மடியில் ஏறி உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, சாயங்காலம் பஸ் கிளம்பும்போது அழுகிற பிள்ளைகள். அடுத்த வாரம் இன்னொரு பஸ், இன்னொரு மடி. நான் போகவில்லை. தலைவலி என்று சொல்லவில்லை, காரணத்தைச் சொல்லித்தான் போகாமல் இருந்தேன். குழுவில் ஒருவர் அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசவில்லை.

இவ்வளவு எழுதினால் போனது முழுக்க வீண் என்று சொல்கிறேனோ என்று தோன்றும். அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஏலம் விட்டார்கள் பாருங்கள், அதற்காக இன்னொரு முறையும் போவேன். காசு இல்லாதவர்கள் கோழி, முட்டை, மரவள்ளிக்கிழங்கு, வாழைத்தார் என்று காணிக்கை கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைக்கிறார்கள். ஆராதனை முடிந்து வெளியே மாமரத்தடியில் உபதேசியார் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி ஏலம் விடுகிறார். ஒரு சேவலுக்குப் போட்டி ஏறிக்கொண்டே போனது. எங்கள் ஊர் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரே ஒரு எலுமிச்சம்பழத்தை ஆயிரக்கணக்கில் ஏற்றிவிட்டு, எடுத்தவர் அதைத் திரும்ப ஏலத்துக்கே கொடுக்கிற கூத்து நடக்குமே, அதே சிரிப்பு, அதே சீண்டல். நான் கை தூக்கினேன். ஏலம் எனக்குப் புதிதில்லை என்பது அவர்களுக்கு இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. வேண்டுமென்றே விலையை ஏற்றிவிட்டு ஒரு கிழவி ஒதுங்கிக்கொள்ள, சேவல் என் தலையில் விழுந்தது. அந்தச் சேவலை ஞாயிறு பள்ளி ஆசிரியை வீட்டில் குழம்பு வைத்து, போஷோ களியோடு சாப்பிட்டோம். அன்றைக்கு மத்தியானம் நான் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை, யாரும் என்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. அவருடைய மகள் வாழை நாரைச் சுருட்டிக் கட்டிய பந்தால் என்னை க்வெபேனா ஆட்டத்தில் திரும்பத் திரும்ப அடித்து அவுட் ஆக்கினாள்.

இந்த இடத்தில் அசரியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். நம் காசில், நம் ஆட்களால் என்பது அவர்கள் கொள்கை. தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள், போனவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டு அங்கேயே கிடந்தார்கள். அந்த அசரியா 1910-இல் எடின்பரோ மாநாட்டில் மேடை ஏறி, வெள்ளைக்கார மிஷனரிகள் முகத்துக்கு நேரே, நீங்கள் எத்தனையோ தியாகம் செய்தீர்கள், எங்களுக்கு நண்பர்களும் வேண்டும் என்ற பொருளில் பேசினார். மாநாட்டில் பலருக்கு அது பிடிக்கவில்லை. சின்ன வயதில் இதைக் கேட்டபோது நான் அசரியா பக்கம் உட்கார்ந்து கைதட்டியவள். ஜிஞ்சாவில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்க்க வேண்டியிருந்தது.

திரும்பி வந்த பிறகு எங்கள் சபைக் கமிட்டியில் பேசினேன். அந்தக் கிராமச் சபையின் குருவானவரிடம் என்ன வேண்டும் என்று முதலில் கேட்போம் என்றேன். அவர் பதில் சுருக்கமாக வந்தது. வருவதானால் டிசம்பரில், இரண்டு மூன்று பேர், பிள்ளைகளுக்கு அல்ல, சேகரத்தில் உள்ள ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி. உபதேசியாருக்குச் சைக்கிள் ஒன்று. மணிகள் வேண்டாம், இன்னும் மிச்சம் இருக்கிறது. டிசம்பர் என்றதும் கமிட்டி முகம் சுருங்கியது. கிறிஸ்துமஸ் நேரத்தில் யார் போவார்கள்? விவாதம் இன்னமும் நடந்துகொண்டிருக்கிறது. சைக்கிள் மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது.

குருவானவரின் பதில் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. எங்கள் ஆசிரியை ஒருவர் உங்கள் வி.பி.எஸ்.ஸைப் பார்க்க வரலாமா என்று. அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்தார்கள், மறுத்துவிட்டார்கள். தக்காளி விற்கிற பெண் திரும்பிப் போவாள் என்பதற்கு என்ன அத்தாட்சி இருக்கிறது? எங்களில் யாரிடமும் உகாண்டா அப்படி ஒரு அத்தாட்சி கேட்கவில்லை. 50 டாலர் வாங்கிக்கொண்டு முத்திரை குத்தியது.

பிறகு எனக்கு ஒரு யோசனை. அமெரிக்கா எதற்கு? பயணச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், மே மாதம் எங்கள் ஊருக்கு வரட்டும் என்று அத்தைக்குப் போன் போட்டேன். அத்தை ஒன்றும் யோசிக்கவில்லை.

"வரட்டும்ட்டி. நம்ம வீட்லயே இருக்கட்டும். பாட்டுக்கு ஆள் இல்லாம கெடக்கு. ஒறப்பு தின்னுவாளா?"

"பழக்கமில்ல அத்தை. கொஞ்சமா போடுங்க."

"மே மாச வெயில் தாங்குவாளா?"

"ஆப்பிரிக்காக்காரங்க அத்தை. பூமத்திய ரேகைப் பக்கத்துல இருக்கிற ஊரு."

"எந்த ரேகையா இருந்தா என்ன, பாளையங்கோட்டை வெயில் வேற. குடையும் தொப்பியும் எடுத்துட்டு வரச் சொல்லு."